ஏசி போட்டால் இடிக்கிற வண்டி

எங்கள் மெக்கானிக் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு வந்திருக்கு. கியர் விழும்போது இடிக்கி. மொதல்ல எதைப் பாக்கணும்?" அதற்கு ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். ஆயிலை மாத்து என்றார் ஒருவர். கியர்பாக்ஸையே கழற்றிக் கடாசு என்றார் இன்னொருவர். ஒரு மகராசன் பூசணிக்காய் சுற்றிப் போடச் சொல்லியிருந்தான். நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் கேட்டவரே போன் செய்து, "இஞ்ஞாசி அண்ணாச்சி, எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்க. நீங்களே பேசாம இருந்தா எப்படி?" என்றார்.

எல்லாம் தெரிஞ்ச ஆளு! அந்தப் பட்டத்தால்தான் நான் கெட்டேன். அவருக்கு இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு காரைப் பற்றி எழுதினால் போதும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

கற்றுக்கொண்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் புன்னைக்காயல். அப்பாவுக்கு வள்ளமும் வலையும். எனக்குக் கடலில் இறங்கினால் குடலே வெளியே வந்துவிடும். மூன்று தரம் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஏலே, நீ கரைக்குத்தான் லாயக்கு" என்று அப்பா கைகழுவிவிட்டார். ஐடிஐ முடித்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் அங்கேதான். ஊரில் ஓடிய கார்களில் ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கவே முடியாத காலத்தில், துறைமுகத்து ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் அது இருந்தது. கிளட்ச் கிடையாது. இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில் சுழன்று தள்ளும். அந்த வண்டிகளை அவிழ்த்துப் பூட்டித்தான் நான் தொழில் படித்தேன்.

ஃபோர்மேன் ராஜாமணி, ஓட்டப்பிடாரத்துக்காரர். ஒல்லியான மனுஷன். நாள் பூராவும் கிரீஸுக்குள் நின்றாலும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அநாவசியமாகப் பேச மாட்டார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ், இடது கையில் ஒரு சின்ன டின்னில் கறுப்பு பெயின்ட், அதற்குள் ஒரு பிரஷ். துறைமுகத்தில் காற்றே உப்புதான். இன்றைக்குக் கழற்றின போல்ட்டு நாளைக்குக் காலையில் சிவந்து நிற்கும். அதனால் எங்கே உலோகம் வெறுமனே தெரிந்தாலும் ராஜாமணி அண்ணாச்சிக்குப் பொறுக்காது. தேய்த்துத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு இழுப்பு பெயின்ட் இழுப்பார். அப்படி வெறுமனே விட்ட ஆளின் புறங்கையிலும் ஒரு பொட்டு வைத்துவிடுவார். "வெறும் மேலோட வெளிய விடாதலே" என்பார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பொட்டு ரெண்டு நாள் போகாது. என் கையில் எத்தனை பொட்டு விழுந்திருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை.

சாக்பீஸ் வேறு சங்கதிக்கு. கோளாறு என்னவென்று புரியாவிட்டால், அந்த வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'தெரியல' என்று எழுதிவிடுவார். மேனேஜர் வந்து முகத்தைச் சுளித்து, "என்ன ராஜாமணி இது, நாலு பேர் பாக்குற இடத்துல?" என்று கேட்டால், "தெரியல சார். தெரிஞ்ச அன்னைக்கு அழிச்சிருதேன்" என்பார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் பதினோரு நாள் அந்த எழுத்தோடு நின்றது. பன்னிரண்டாம் நாள், ஆயில் போகிற பாதையில் மிளகு மாதிரி ஒரு இரும்புக் குண்டு சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். தன் கைக்குட்டையால் எழுத்தை அழித்துவிட்டுச் சாப்பிடப் போனார். எங்களுக்கெல்லாம் அப்போது அது சிரிப்பாக இருந்தது.

கம்பெனியை விட்டு வந்து, திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு தாண்டி, உப்பளத்தைப் பார்த்தபடி சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டேன். ஒரே ஆள்தான். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் திருநெல்வேலியிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். பெயர் வளர வளர எனக்கு வாயும் வளர்ந்தது. அதற்கிடையே மனைவி ஜெனோவா போய்ச் சேர்ந்தாள். மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் தெரியும். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அவ்வளவுதான் ஒரு வாரத்துப் பேச்சு.

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்க்க ஐந்து கிலோமீட்டர் போதும். நான் இருபது கிலோமீட்டர் போவேன். ஆத்தூர் வரைக்கும்கூடப் போயிருக்கிறேன். பூட்டின வீட்டைப் போய்த் திறக்க வேண்டுமே என்று இருக்கும். எவன் வண்டியோ, எவன் பெட்ரோலோ, அதற்குள் உட்கார்ந்து நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போவேன்.

அந்த நாளில்தான் நபீசா வந்தாள். காயல்பட்டினம். முப்பத்தைந்து வயது இருக்கும். மாப்பிள்ளை துபாயில். அவளுடைய உம்மாவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். வாடகைக் காரை நம்பி நாலைந்து தரம் ஏமாந்தபிறகு, அவளே டிரைவிங் பழகினாள். "நல்லா ஓடுற பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்று வந்து நின்றாள். கூடவே அவளுடைய அண்ணன் சாகுல். அவனுக்குத் தங்கை கார் ஓட்டுவதில் அவ்வளவு இஷ்டமில்லை என்பது அவன் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

நான் பார்த்துக் கொடுத்தேன். பழைய ஆட்டோமேட்டிக் காரை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்காக, அன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன். போனதும் பானட்டில் கையை வைப்பேன். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். சூடான கியர்பாக்ஸில் பாதிக் கோளாறு ஒளிந்துகொள்ளும். விற்கிறவனுக்கும் அது தெரியும். அடுத்தது, வெள்ளைத் துணியில் கியர் ஆயிலை ஒற்றிப் பார்ப்பது. ரோஜாப்பூச் சிவப்பு என்றால் நல்லது. கறுத்து, கருகின வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் தேய்ந்து கரைகின்றன என்று அர்த்தம். பிறகு பிரேக்கை அமுக்கிக்கொண்டு, லீவரை ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு மனசுக்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு என்பதற்குள் வண்டி மெதுவாகப் பிடிக்க வேண்டும். கடைசியில் ரோடு. நம்ம ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறும்போது இஞ்சின் மட்டும் கத்தி வண்டி ஏறாமல் தயங்கினால் வேண்டாம் என்று இறங்கிவிடலாம். அந்தக் கார் எல்லாவற்றிலும் தேறியது. ஆறு வருஷ வண்டி, கியர் மாறுவதே தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிடுவது என் பழக்கம். சத்தம் கேட்க வேண்டுமல்லவா? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டிக்கு அடியில் துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னாள். அவர்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். பேட்டரியைத் தூக்கி, அடியிலும் உள்ளேயும் ஒரு இடம் விடாமல் தேய்த்துக் கழுவினேன். கியர்பாக்ஸ் கூட்டின்மேல், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் வயர் வந்து உட்காரும் இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வயரைக் கழற்றி, பூத்ததைச் சுரண்டினேன். வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. கை சும்மா இருக்குமா? ரெண்டு இழுப்பு. காய்ந்தபிறகு வயரை மேலே வைத்து போல்ட்டை முறுக்கினேன். அழகாக இருந்தது என்று நின்று பார்க்கவும் செய்தேன்.

அதன்பிறகு செவ்வாய், வெள்ளிகளில் ஆஸ்பத்திரியில் உம்மாவை விட்டுவிட்டு, மெஷின் ஓடும் நாலு மணி நேரத்தில் சில நாள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவாள். டயரில் காற்று பார்க்க, தண்ணீர் ஊற்ற என்று ஏதாவது ஒரு சாக்கு. ரவையில் சுட்ட தம்மடையை ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்பாள். "இல்லம்மா" என்று உண்மையைச் சொல்வேன். "வயசான காலத்துல வயித்தக் காயப்போட்டா யாரு பாக்குறது? மொதல்ல கையக் கழுவுங்க" என்று சத்தம் போடுவாள். என்னைச் சத்தம் போட ஒரு ஆள் இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

எட்டு மாதம் கழித்துச் சித்திரை வெயிலில் ஒரு நாள் வந்தாள்.

"அண்ணாச்சி, வண்டி இடிக்கி. சில நேரம் ஒரே கியர்ல நின்னுக்கிட்டு இழுக்கவே மாட்டேங்கி. அமத்திட்டு ஸ்டார்ட் பண்ணா சரியாயிருது. ஏசி போட்டாத்தான் இப்படிப் பண்ணுது."

நான் சிரித்தேன். "ஏசிக்கும் கியருக்கும் என்னம்மா சம்பந்தம்? நீ பயந்துட்ட, வேற ஒண்ணுமில்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏசியை நிறுத்தினேன். பழையகாயல் வரை போய் வந்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஸ்கேனரை மாட்டினால், கியர் ஆயிலுக்குப் பாதை திறந்து மூடும் மின்சார வால்வு ஒன்றில் ஏதோ கோளாறு என்று பதிவாகியிருந்தது. அழித்தேன். ஆயிலை மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தாள். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. மறுபடி ஏசியை நிறுத்தி ஓட்டினேன். மறுபடி வெண்ணெய்.

மூன்றாவது தரம், டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, முக்காணிப் பாலம் ஏறும் இடத்தில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. உச்சி வெயில். பின்சீட்டில் தளர்ந்துபோன உம்மா. சாகுல் ஓடிவந்து, உம்மாவை ஒரு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து என்னிடம் கொண்டுவந்தான். நான் மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். நான் எதிரே எசக்கியின் டீக்கடையில் நின்றிருந்தேன். உப்பு லாரி ஓட்டுகிற நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாகுல் நேராகவே கேட்டான். "அண்ணாச்சி, ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லுங்க. கோளாறு வண்டியிலயா, ஓட்டுறவ கிட்டயா?"

தெரியல என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இஞ்ஞாசி என்று பேர் வாங்கினவன், டீக்கடையில் வைத்து எப்படிச் சொல்வேன்?

"வண்டியில ஒண்ணுமில்ல தம்பி. ஒரு காலு பிரேக்குலயும் ஒரு காலு ஆக்சிலேட்டர்லயுமா ரெண்டையும் சேத்து அமுக்குனா கியர்பாக்ஸ் என்ன செய்யும்? அது என்ன, ஆட்டுக்கல்லா?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நபீசா, "நான் ஒரு காலுதான் வெக்கேன் அண்ணாச்சி" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் டீயை ஆற்றினேன்.

"போதும். இனி நீ வண்டியத் தொடாத" என்றான் சாகுல். அவள் கைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து எசக்கியின் மேசையில் வைத்துவிட்டு ரோட்டில் போய் நின்றுகொண்டாள். சாகுல் அந்தச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை விற்றுவிடலாம், அதுவரை இங்கேயே நிற்கட்டும் என்று சொன்னான்.

மறுபடி வாடகைக் கார். ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் நேரத்துக்கு வராமல், உம்மாவின் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விட்டது. மறுநாள் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாளாம். காயல்பட்டினத்துக்குப் போய்வந்த லாரிக்காரன் சொன்னதாக எசக்கி என்னிடம் சொன்னான். டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கார் என் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சித்திரை போய் வைகாசி வந்தும் வெக்கை குறையவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், சோத்து டப்பாவோடு அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தினமும் அப்படித்தான். ஒரு நாள் எதிர்வெயில் கண்ணைக் கூச, வண்டியைக் கொஞ்சம் பின்னால் நிழலுக்குத் தள்ளலாம் என்று, ஏசியை நிறுத்தாமலே ரிவர்ஸைப் போட்டேன்.

டமார் என்று இடித்தது. மடியிலிருந்த குழம்பு வேட்டியில் கொட்டியது.

ஏசியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து போட்டேன். இடிக்கவில்லை. ஏசி, ஹெட்லைட், கண்ணாடி துடைப்பான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மாற்றினேன். இடித்தது. ஏசி போட்டாத்தான் இப்படிப் பண்ணுது. அவள் குரல் அப்படியே காதில் கேட்டது. வேட்டியில் குழம்போடு மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைக் கியர்பாக்ஸ் கூட்டிலும் வைத்தேன். எர்த் நன்றாக இருந்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். எல்லாம் ஓடும்போது ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றது. ஏசியும் லைட்டும் சேர்ந்து இழுக்கிற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த வால்வுகள் தடுமாறியிருக்கின்றன.

எர்த் வயரைக் கழற்றினேன். அடியில் பெயின்ட். கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக ரெண்டு இழுப்பு. எட்டு மாதமும் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போயிருக்கிறது. மரைக்குள் உப்பு இறங்கியதும் அதுவும் போய்விட்டது. வயர் உட்கார்ந்த அந்த ஒரு ரூபாய்க் காசு அகல இடம் மட்டும் வெறும் உலோகமாக இருந்தாக வேண்டும் என்பது முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை.

உடனே போனை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. சுரண்டி மாட்டிவிட்டால் வண்டி ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று ரெண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அந்த அம்மாவுக்கு வாடகைக் கார் வந்ததோ வராமல் போனதோ என்று இருப்புக்கொள்ளவில்லை. வயரைப் பழையபடி பெயின்ட் மேலேயே மாட்டிவைத்துவிட்டு சாகுலைக் கூப்பிட்டேன். "தங்கச்சியக் கூட்டிக்கிட்டு எசக்கி கடைக்கு வா தம்பி. அன்னைக்கு நின்ன அதே இடத்துக்கு."

மறுநாள் வந்தார்கள். அன்றைக்கு இருந்த லாரிக்காரர்களில் ரெண்டு பேர் இருந்தார்கள். காரை டீக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏசி இல்லாமல் கியர் போட்டுக் காட்டினேன். ஏசி போட்டுக் காட்டினேன். இடித்த இடியில் எசக்கி பால் சட்டியைப் பிடித்துக்கொண்டான். பிறகு வயரைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் மாட்டி முறுக்கினேன். மறுபடி ஏசியோடு கியர் போட்டேன். சத்தமே இல்லை.

"இந்த பெயின்ட்ட அடிச்சது நான். கோளாறு என் கையில. இந்தப் பிள்ளையோட கால்ல ஒண்ணுமில்ல. அன்னைக்கு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லத் துப்பில்லாம பழிய இவ மேல போட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"இத நீங்க சொல்லாமலே சரி பண்ணிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றான் சாகுல்.

"பண்ணிருக்கலாம். அவ சாவிய அவளுக்கு யாரு திருப்பிக் குடுப்பா?"

அவன் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"மொத நாளே சொன்னேன்லா அண்ணாச்சி, ஏசின்னு."

"சொன்னம்மா. நான் கேக்கல."

சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப்பிறகு என் ஒர்க்‌ஷாப்புக்கு அவள் வரவே இல்லை. தூத்துக்குடியில் எங்கேயோ சர்வீஸுக்கு விடுகிறாளாம். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வலிக்கத்தான் செய்கிறது.

குழுவில் கேட்டவருக்குப் பதில் இதுதான்: வண்டியை ஓட்டுகிற ஆளிடம் முதலில் கேளுங்கள். அவர் எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டிப் பாருங்கள், ஏசி உட்பட. புரியவில்லை என்றால் ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டேன். முழங்கால் ரெண்டும் குனிய விடவில்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் எசக்கி கடைக்கு வந்துவிடுவேன். கடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஏழேகால் வாக்கில், "அண்ணாச்சி, ஒம்ம வண்டி வருது வே" என்பான் எசக்கி. நான் டீயைக் கீழே வைத்துவிடுவேன். வண்டி வேகத்தடையில் மெதுவாகும். கியர் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. ஏறி இறங்கும். மறுபடி இரண்டு, மூன்று. பின்சீட்டில் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி தெரியும். நபீசா ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவாள், இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் போனாள். கண்ணாடி நாலும் ஏற்றியிருந்தது. ஏசி ஓடுகிறது. வண்டி இடிக்கவில்லை.